சாலையும் பலகையும்



நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் உழவனுக்கு நிலம் இருக்கிறது. பின்னால் மலை, முன்னால் அரசாங்கம் அமைத்த சாலை. விளம்பரக் கம்பெனி ஒன்று அவனிடம் வந்து, “உம் வேலியோரத்தில் பலகை நட்டுக்கொள்கிறோம், ஆண்டுதோறும் வாடகை தருகிறோம்” என்கிறது. அவனும் இசைகிறான். நிலம் அவனுடையது, பலகை கம்பெனியுடையது. பலகைக்குப் பின்னே மறைந்துபோன மலை யாருடையது?

இவ்வினாவுக்கு விடைகாண அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் நூறாண்டுகளாக முயன்று வருகின்றனர். சட்டம் வென்ற இடமும் உண்டு. ஏமாந்த இடமும் உண்டு. ஏமாந்த கதையை முதலில் சொல்கிறேன். கற்பதற்கு அதில்தான் மிகுதி.

1965 அக்டோபர் 22ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவர் துணைவியார் லேடி பேர்ட் ஜான்சன் அம்மையார் அச்சட்டத்திற்காக அரும்பாடுபட்டவர். பெரிய நெடுஞ்சாலைகளின் ஓரமாக 660 அடிக்குள் நிற்கும் விளம்பரப் பலகைகளை மாநிலங்கள் கட்டுப்படுத்த வேண்டும். தவறினால் மத்திய அரசின் சாலை மானியத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று அச்சட்டம் அன்று விதித்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? 660 அடிக்கு அப்பால் முன்னிலும் பெரிய பலகைகள் எழும்பின! விரைந்து செல்பவன் கண்ணுக்கு எழுத்து எட்ட வேண்டுமல்லவா? தூரம் கூடியது, பலகையும் பருத்தது. நகர்ப்புறத்திற்கு வெளியே அவ்வெல்லையைக் கடந்தும் கட்டுப்பாடு செல்லும் என்று 1974இல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது.

இதனினும் பெரிய ஓட்டை மற்றொன்று. ஓர் ஊரின் நிலத்தைக் குடியிருப்புக்கு இன்ன பகுதி, கடைவீதிக்கு இன்ன பகுதி, தொழிற்சாலைக்கு இன்ன பகுதி என்று வகுத்து வைப்பதை மண்டல விதி என்பர். வணிக மண்டலத்திலும் தொழில் மண்டலத்திலும் பலகை நட 1965ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. கடைவீதியில் விளம்பரம் இருப்பது இயல்புதானே என்பது கருத்து. ஆனால் வணிக மண்டலம் எது என்று தீர்மானிப்பவர் யார்? மாநிலத்தாரும் உள்ளூர் மன்றத்தாரும். சில இடங்களில் கடையின் சுவடே இல்லாத வெளிகள் வரைபடத்தில் மட்டும் வணிக மண்டலங்களாயின. போதாக்குறைக்கு, இந்நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் முறைப்படி நிற்கும் பலகையை உள்ளூர் மன்றம் தன் விதியால் அகற்றச் சொன்னாலும் உரியவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1978இல் ஒரு திருத்தம் வந்தது. சிற்றூர் மன்றத்திடம் அவ்வளவு பணம் ஏது? விதி ஏட்டில் இருந்தது. பலகை சாலையில் இருந்தது.

இனி வெர்மான்ட் மாநிலத்திற்கு வருவோம். நாட்டின் வடகிழக்கில் உள்ள சிறு மாநிலம் அது. பசுமை மலைத்தொடரை ஒட்டி வடக்கு தெற்காகச் செல்லும் 100ஆம் எண் சாலையில், இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையுமாக நிற்கும். அக்காட்சியைக் காண வரும் பயணிகளால் வாழ்பவர் பலர். 1968இல் அம்மாநிலச் சட்டமன்றம் சாலையோர வணிகப் பலகைகளையே விலக்கியது. முன்பே நின்றவற்றிற்கு ஐந்தாண்டு வரை தவணை தந்தது.

“பலகை இல்லாவிடில் எங்கள் விடுதியை யார் கண்டுபிடிப்பார்?” என்று சிறு வணிகர் கேட்பது நியாயமே. வெர்மான்ட் இதற்கு நல்ல விடை கண்டது. பலகை செய்யும் வேலைகள் இரண்டு: வழி சொல்வது ஒன்று, கண்ணைப் பிடித்திழுப்பது மற்றொன்று. முதல் வேலையை அரசே ஏற்றுக்கொண்டது. பெயர், தொலைவு, திசைகாட்டும் அம்பு ஆகியவை மட்டும் கொண்ட சிறு பலகைகளை ஒரே அளவில் அமைத்தது. பத்து அறை உள்ள விடுதிக்கும் நூறு அறை உள்ள விடுதிக்கும் அதே பலகைதான்! தன் கடை இருக்கும் இடத்தில் அளவுக்கு உட்பட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்ளும் உரிமையும் வணிகனுக்கு நீடித்தது. சுற்றுலா இன்றும் அம்மாநிலத்தின் பெருந்தொழில்களுள் ஒன்று.

ஹவாய் தீவினர் இதற்கு மிக முந்தியவர்கள். ஹொனலூலுவில் 1912இல் பெண்கள் தொடங்கிய ‘அவுட்டோர் சர்க்கிள்’ என்னும் சங்கம் விடாது போராடியது. கடைசியாக எஞ்சிய பலகைக் கம்பெனியை விலைக்கே வாங்கிவிட்டது! 1927இல் அங்குத் தடைச் சட்டம் பிறந்தது. மேய்ன் 1977இலும், அலாஸ்கா 1998இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாகவும் இவ்வரிசையில் சேர்ந்தன.

வாடகையை இழந்த உழவனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மலைநாட்டு உழவனுக்குச் சில டாலர்களும் பெரிதே. ஆனால் அந்த வாடகை நிலத்திற்காகத் தரப்பட்டதன்று. சாலை ஒரு மைல் தள்ளிப் போயிருந்தால் அவ்வேலிக்கு ஒரு காசும் கிடைத்திராது. விற்கப்பட்டது வழிப்போக்கர் கண். அக்கண்களை அங்குக் கொணர்ந்தது பொதுப் பணத்தில் போட்ட சாலை. ஆதலின் அங்கே என்ன நிற்கலாம் என்பதில் பொதுமக்களுக்கும் சொல்லுண்டு என்பதே என் துணிபு.

வெர்மான்டில் மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை ஊர்கள் தாமே வகுத்துக்கொள்ளலாம். கடைப் பெயர்ப்பலகை எத்தனை அடி உயரலாம், இரவில் அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பனவெல்லாம் இன்றும் அங்குள்ள ஊர்க் கூட்டங்களில் பேசப்படுகின்றன. கடைக்காரரும், அவ்வொளி தம் சன்னலில் விழுகிறது என்று முறையிடும் அண்டை வீட்டாரும், அங்கே ஒரே அறையில் அமர்ந்து வாதிடுகின்றனர்.