கரியும் ஈயமும்: ஒடுக்கி எது?

எஸ்.பி.எம். வேதியியலில் பிள்ளைகள் வீணாகப் புள்ளிகளை இழக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு வினையில் ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது?

லூபோக் சீனாவுக்கு அருகே ஓடும் லிங்கி ஆற்றை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் ஈயம் அந்த ஆற்று வழியாகப் படகில் மலாக்காவுக்கு வந்தது. லம்பத்தில் கிடைப்பது வெறும் ஈயமல்ல, ஈய ஆக்சைடு. அதைக் கரியோடு உலையில் இட்டால், கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். ஈயம் உருகி ஓடும்.

எண்களைக் கவனியுங்கள். ஆக்சைடில் ஈயத்தின் எண் +4, உருகி வந்தபின் 0. இறங்கியதால் அது ஒடுக்கமடைந்தது. கரியோ 0-விலிருந்து கரியமில வாயுவில் +4-க்கு ஏறியது. ஈயத்தை ஒடுக்கியது கரி. ஆகவே கரிதான் ஒடுக்கி. ஈய ஆக்சைடு ஆக்சிஜனேற்றி.

வழுக்குவது இங்கேதான். மலாய்ப் பாடநூலில் ஒடுக்கி 'ஏஜென் பெனுருனான்'. 'துருன்' என்றால் இறங்கு. உடனே மாணவர் இறங்கிய பொருளையே காட்டிவிடுகிறார். ஏஜெண்டு அடுத்தவருக்கு வேலை முடிப்பவர் அல்லவா? வீட்டு ஏஜெண்டு அந்த வீட்டில் குடியேறுவதில்லையே! தான் ஏறி மற்றதை இறக்குவதே ஒடுக்கி.

ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் கணக்கு இதுதான். வெளிர்ப்பச்சை இரும்புக் கரைசலில் புரோமின் நீரை ஊற்றினால் அது பழுப்பாகும். இரும்பு +2-லிருந்து +3-க்கு ஏறுகிறது, புரோமின் 0-விலிருந்து -1-க்கு இறங்குகிறது. எனவே புரோமின் ஆக்சிஜனேற்றி.

பெற்றோர்களே, பிள்ளை விடை எழுதுமுன் ஒவ்வொரு தனிமத்தின் மேலும் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் ரப்பர் பாலைப் பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைக்கிறோமே, அதில் எந்த எண்ணும் மாறுவதில்லை. அங்கே ஏற்றியும் கிடையாது, ஒடுக்கியும் கிடையாது.