பெட்டி பெரிதானால் போதுமா?

(விராலிமலையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்த விஷயம் கம்ப்யூட்டரின் ஞாபகப் பெட்டியாகிய ஹார்டு டிஸ்க்கைப் பற்றியதாகும். முருகன் மலையடியில் நின்றுகொண்டு இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். உங்கள் நிலத்தின் பட்டாவும், பாங்கிக் கணக்கும், பிள்ளைகளின் பரீட்சை மார்க்கும் இன்று அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. ஆதலால்தான் பேசுகிறோம்.

1956-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியார் செய்த முதல் பெட்டி ஒரு டன்னுக்கு மேல் கனம். உள்ளே 50 தட்டுகள். அவ்வளவும் சேர்ந்து கொண்டது 5 மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் இரண்டரைப் புத்தகம்கூட இல்லை! 2024-ல் சீகேட் கம்பெனியார் அறிவித்த பெட்டியோ ஒரு கையில் அடங்கும். கொள்ளளவு 30 டெராபைட். அதே கணக்கில் ஒன்றரைக் கோடிப் புத்தகம்! எழுதவேண்டிய புள்ளியை லேசர் ஒளியால் சூடாக்கிக் காந்தத்தால் எழுதுகிறார்கள். இனிமேல் கண்ணாடியிலும், உயிர்களின் டி.என்.ஏ.யிலும்கூட எழுதிவைக்க ஆராய்ச்சி நடக்கிறது. இதில் எந்த ரிஷியின் வரமும் இல்லை. மனிதன் தப்பித் தப்பித் திருத்திக் கண்ட பலனேயாகும்.

ஆனால் தோழர்களே, பெட்டி பெரிதானால் மட்டும் அறிவு பிழைத்துவிடுமா? உ.வே.சாமிநாதய்யர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோவிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளையெல்லாம் ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எதிரி வந்து கொளுத்தவில்லை; சாஸ்திரம் என்று சொல்லி நம்மவர்களே கொளுத்தினார்கள். இதற்கு மாறாக, கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீசு என்று தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிக்காகோ சர்வகலாசாலையார் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். ஏடு பிழைத்தது மந்திரத்தால் அல்ல, கவலை எடுத்துக்கொண்ட மனிதனால்.

ஹார்டு டிஸ்க்கும் அப்படியே. அதன் தட்டுக்கும் எழுதும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் ஆயிரத்திலொரு பங்குகூட இல்லை. கீழே விழுந்தால் போச்சு. விழாவிட்டாலும் சில வருஷங்களில் தேய்ந்து சாகும். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்த கடைக்காரரை, "வேறு பிரதி இருக்கிறதா?" என்று கேட்டோம். "சுவாமி பார்த்துக்கொள்வார்" என்றார். மறுவருஷம் கணக்கு முழுவதும் போய்விட்டது. சுவாமியிடமும் பிரதி இல்லை!

ஆகவே, மூன்று பிரதி எடுங்கள். இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். வருஷத்துக்கொரு முறையாவது திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. முன்பு, படிக்கக்கூடாது என்று சொல்லி ஒரு கூட்டத்தார் அறிவைப் பூட்டிவைத்தார்கள். நாளைக்குப் பெரிய பெட்டிகளெல்லாம் சில கம்பெனிகளின் கையிலேயே இருந்தால், சாவி மறுபடியும் பிறத்தியாரிடம்தான். ஊருக்கொரு வாசகசாலை, அதில் நம் சொந்தப் பெட்டி, அதைத் திறக்கத் தெரிந்த ஆணும் பெண்ணும் வேண்டும். யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள்.