பச்சை விளக்கையும் கேள்வி கேட்போம்



2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பட்டறைகளில் மெஷினுக்குச் சந்தனம் பூசிப் பொரி கடலை பங்கிட்ட நாள். அன்று இரவு எட்டரை மணி சுமாருக்கு, மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைத் தாண்டிக் கவரைப்பேட்டைக்கு வந்தது. மெயின் லைனில் நேரே போகலாம் என்று பச்சை சிக்னல். வண்டியோ பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குள் திரும்பியது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதன் பின்னால் மோதியது. பத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் தடம் புரண்டன, பார்சல் வேன் தீப்பிடித்தது. பலருக்குக் காயம். ஓர் உயிரும் போகவில்லை.

உயிர் போகாததாலேயே அந்த விபத்தை நாடு சீக்கிரம் மறந்துவிட்டது. நாம் மறக்கக் கூடாது. ஏனென்றால் இதே படத்தை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் அருகே பகநாகா பஜார். அங்கேயும் மெயின் லைனுக்குப் பச்சை, அங்கேயும் வண்டி லூப் லைனுக்குள் போனது, அங்கேயும் சரக்கு ரயில் நின்றது. இறந்தவர்கள் 290 பேருக்கும் மேல். மோதியது கோரமண்டல் எக்ஸ்பிரஸ். நம் பாதை வழியாகச் சென்னைக்கு வரவேண்டிய வண்டி அது. நீங்கள் கவரைப்பேட்டை நடைமேடையில் நிற்கும்போது உங்கள் சட்டையைப் படபடக்கவைத்துக் கடந்து போகிற வண்டி.

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. பாலசோரில் பல ஆண்டுகளுக்கு முன் செய்த ஒயரிங் தவறு திருத்தப்படாமலே கிடந்தது. விபத்தன்று லெவல் கிராசிங் கேட்டுக்காக அதே சர்க்யூட்டில் மறுபடியும் கைவைத்தார்கள். கவரைப்பேட்டையில், தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டின் பாகங்களை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள், இது நாசவேலை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை 2025இல் முடிவுக்கு வந்தது.

நாசவேலை என்று எழுதியதும் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிட ஆசை வரும். கழற்றியவனைப் பிடிப்பது போலீஸ் வேலை, பிடிக்கட்டும். நான் கேட்பது வேறு. ஸ்பேனரோடு வந்த ஒருவன் இரண்டு தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்ற முடிகிறது. அதன் பிறகு அந்த வழியாக வரும் எக்ஸ்பிரஸுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. பாலசோரில் ஊழியர்களின் கைப்பிழை, இங்கே எவனோ ஒருவனின் கெட்ட எண்ணம். இரண்டு இடத்திலும் ஓட்டுநர் கண்டது பச்சை, சக்கரம் கண்டது லூப் லைன். இந்த முரண்பாட்டைத்தான் ஆய்வு செய்யச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் மெக்கானிக் வேலை பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் கூர்மையாகச் சீவிய இரண்டு தண்டவாளத் துண்டுகள் அசையும். ஒரு மோட்டார் அவற்றை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் பூட்டும். சரியாகப் பூட்டியிருக்கிறது என்ற செய்தி கம்பி வழியாக ஸ்டேஷனுக்குப் போகும். அந்தச் செய்தி வந்தால்தான் பச்சை விழும். இந்த ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். அருமையான ஏற்பாடு. ஆனால் அது தண்டவாளத்தை நேரில் பார்ப்பதில்லை, கம்பி சொல்வதை நம்புகிறது.

உடனே எல்லோரும் "கவச் எப்போது வரும்?" என்கிறோம். வரட்டும், சீக்கிரம் வரட்டும், நானும் கேட்கிறேன். சிவப்பைத் தாண்டப்போனால் தானாக பிரேக் போடும் கருவி அது. 2016இல் தென்மத்திய ரயில்வேயின் பயணிகள் வண்டிகளில் சோதித்தார்கள். 2020இல் தேசிய அமைப்பாக ஏற்றார்கள். 2024 ஜூலையில் அதன் 4.0 வடிவத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2011 செப்டம்பரில் அரக்கோணம் பக்கத்துச் சித்தேரியில், நின்றிருந்த பாசஞ்சர் வண்டியின் பின்னால் சென்னையிலிருந்து போன வண்டி மோதியதே, அந்த மாதிரி விபத்தைத் தடுக்க இது மிக நல்ல கருவி. ஆனால் கவச்சும் இன்டர்லாக்கிங் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து "நம்ம ஆள்தான்" என்று குரல் வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார் அல்லவா? பாதை தவறாகத் திரும்பியிருக்க, சிக்னல் பச்சை என்றால் கவச்சும் போகலாம் என்றே சொல்லும். ஆகவே கவச் வந்துவிட்டால் கவரைப்பேட்டை திரும்ப நடக்காது என்று யாராவது இந்த மேடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

நம் கும்மிடிப்பூண்டிப் பாதைக்கு இன்னொரு கதையும் உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. வண்டியைத் தானாக நிறுத்தும் ஐரோப்பிய முறைக் கருவியை நாட்டிலேயே முதன்முதலில் எங்கே போட்டார்கள் தெரியுமா? சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில், 2008இல், சுமார் 50 கிலோமீட்டருக்கு. டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் நடுவே அதற்குப் பிறகுதான் போனது. கிட்டத்தட்ட இந்தியாவின் சோதனைக்கூடமே நாம்தான்! சோதித்ததில் என்ன கற்றார்கள், எத்தனை வண்டிகளில் பொருத்தினார்கள், எத்தனை இன்று ஒழுங்காக வேலை செய்கின்றன என்று நமக்கு யார் சொன்னார்கள்?

ரயில் பாதுகாப்பு பற்றிய அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 1998இல் நீதிபதி கன்னா தலைமையில் ஒரு குழு. சித்தேரி விபத்து நடந்த அதே 2011 செப்டம்பரில் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் இன்னொரு குழு. 2012 பிப்ரவரியில் அவர் அறிக்கை தந்தார். 19,000 கிலோமீட்டர் முக்கியப் பாதைகளில் நவீன சிக்னல் பாதுகாப்பு வேண்டும், ரயில்வே வாரியத்துக்கு வெளியே தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும், ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி செலவிட வேண்டும் என்றார். பணத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தனி ஆணையம் மட்டும் வரவே இல்லை. எனக்கு அதுதான் அந்த அறிக்கையின் உயிர்.

இப்போது விபத்தை விசாரிக்கும் ஆணையர் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறார்? விமானப் போக்குவரத்து அமைச்சகம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ரயில்வே தன்னைத் தானே விசாரிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1941லேயே பிரித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் புதுப் பாதைக்கு ஒப்புதல் தரவும், விபத்து நடந்த பின் விசாரிக்கவுமே அவர் பெரும்பாலும் வருகிறார். மோதாமல் தப்பிய சம்பவங்களுக்கு யார் வருவது?

தப்பிய சம்பவம் ஒன்று சொல்கிறேன். 2023 பிப்ரவரி 8, கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையம். சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம். ஓட்டுநர் கவனித்து நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க மேலாளர், சிக்னல் பராமரிப்பில் பெரிய ஓட்டை இருக்கிறது, உடனே சரிசெய்யுங்கள் என்று கடிதம் எழுதினார். நான்கு மாதத்துக்குள் பாலசோர்.

அதனால்தான் இன்றைய தீர்மானத்தில், சென்னையிலிருந்து கூடூர் வரை இந்தப் பாதையின் சிக்னல் பாதுகாப்பை முழுதாக ஆராய ஒரு குழு கேட்கிறோம். அதன் தலைவர் ரயில்வேக்கு வெளியே இருந்து வரட்டும். பாயிண்டைத் திறந்து எண்ணெய் போடுகிற சிக்னல் பராமரிப்பாளர், மழையில் தண்டவாளத்தோடு நடக்கிற கேங்மேன், இரவு ஷிப்ட் ஸ்டேஷன் மாஸ்டர், லோகோ பைலட், இவர்கள் சாட்சியாக வந்துவிட்டுப் போகாமல் உறுப்பினராக உட்காரட்டும். அத்திப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை புறநகர் வண்டி, வடநாட்டு எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி எல்லாம் இரண்டே தடத்தில் முட்டிக்கொண்டு ஓடுகின்றன. பராமரிப்புக்கு ஊழியர்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, பாயிண்ட் இருக்கும் இடத்தில் இரவில் வெளிச்சம் உண்டா, போல்ட் கழன்றால் மோட்டாருக்கு அப்பால் வேறொரு கருவி அதைக் கண்டுபிடிக்குமா என்று குழு பார்க்கட்டும். மூன்றாவது, நான்காவது தடத்துக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்பதையும் பார்க்கட்டும். மோதாமல் தப்பியவற்றின் பட்டியலையும் சேர்த்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும். அலமாரியில் தூங்கவிட்டால் ககோட்கர் அறிக்கைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

தீர்மானம் ரயில்வே வாரியத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகிறது. நகல் வாசல் பக்க மேசையில் இருக்கிறது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் என்பதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே பட்டியலோடு கோட்ட மேலாளர் அலுவலகத்துக்குப் போகப்போகிறோம், தேதியைச் செயலாளர் இப்போது அறிவிப்பார்.