நேர்க்கோட்டை மீறும் ஒளி



ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்றே வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். அது முழு உண்மையன்று. ஒளி ஓர் அலை. தடையின் ஓரத்தில் அது சற்றே வளையும். இதனை விளிம்பு விளைவு என்பர். நீள்சதுரத் திறப்பினால் உண்டாகும் இவ்விளைவின் பட்டைகளைப் பற்றி, சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சி. வி. இராமன் 1906இல் எழுதிய கட்டுரையை இங்கிலாந்தின் ‘பிலசாபிகல் மேகசீன்’ வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அவ்வளைவை இன்று அறிஞர்கள் வேண்டியவாறு வடிக்கின்றனர். வானவில்லை விளக்க ஏரி என்பார் 1838இல் வகுத்த கணிதத்தைக் கொண்டு, 2007இல் அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தார் ஓர் ஒளிக்கற்றையை உண்டாக்கினர். அதன் ஒளிமிக்க பகுதி, எறிந்த கல்லைப்போல் வளைந்து செல்கிறது. ஆயின் கற்றை முழுவதையும் கணக்கிட்டால் அதன் நடுநிலை நேராகவே செல்லும். இயற்கை விதி எதுவும் மீறப்படவில்லை. இத்தகைய கற்றைகளை வட்டமாய் அமைத்தால், அவை ஓரிடத்தில் திடீரெனக் குவிகின்றன.

அதனினும் வியப்பு ஒன்று. கற்றையின் நடுவே சிறு துகளை வைத்து மறைத்தால், சிறிது தொலைவு வரை நிழல்; அதற்கப்பால் பழைய வடிவம் மீண்டுவிடும். மந்திரமன்று. நடுவிலுள்ள ஒளிக்கு ஊட்டம் பக்கங்களிலிருந்து வருகிறது. பக்கத்து அலைகள் மறைக்கப்படாதவரை நடு மீண்டும் நிறையும்.

இராமனின் தந்தையார் கல்லூரி விரிவுரையாளர். வீட்டில் நூல்கள் இருந்தன. நம் வீடுகளில்? பத்தாம் வகுப்பில் நன்கு தேறிய நம் பிள்ளையை, “உனக்கு எதற்கு அறிவியல் பிரிவு?” என்று திருப்பி அனுப்பியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களோடு வாதாடியுமிருக்கிறோம். அந்தத் தந்தையாரின் அலமாரிக்கு ஈடாக நிற்கவேண்டியது நம் சங்கத்து நூலகமே. மண்டபத்திற்குச் சுண்ணாம்பு அடிப்பது அடுத்த ஆண்டு ஆகட்டும்.

சோதனைக்குப் பெருஞ்செலவில்லை. மிதிவண்டிப் பால்ரஸ் குண்டு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வில்லையால் விரித்த லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சுங்கள். சில மீட்டருக்கு அப்பால் சுவரில் விழும் நிழலின் நட்டநடுவே ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். 1818இல் பிரெஞ்சு அறிஞர் பாய்சான் ‘இப்படியும் நடக்குமோ’ என்று மறுத்த புள்ளி அதுவே. அரகோ செய்து காட்டினார். லேசரை நேரே பார்த்தல் ஆகாது, கண் போகும். குண்டும் வில்லையும் மேடையருகே உள்ளன. பெண்பிள்ளைகள் முதலில் வாருங்கள்.