மேற்படிப்புக்கு வெளிநாடு: நான் செய்த தப்பும், திருத்திய விதமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்காக ஆற்றிய உரை. பேசியவர் இயந்திரவியல் துறை, 2008–2012 பேட்ச்.)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "ஃபாரின்ல படிக்கிறதைப் பத்திப் பசங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "அண்ணா, நான் திரும்பி வந்தவன். அங்கேயே செட்டில் ஆனவங்க யாரையாவது கூப்பிடலாமே" என்றேன். "திரும்பி வந்தவன்தான் கணக்கைச் சரியாச் சொல்லுவான், வா" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே இன்றைக்கு இரண்டு விஷயம் பேசப் போகிறேன். ஒன்று கடிதம், மற்றொன்று கணக்கு.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 2011 கடைசியில், இறுதியாண்டு படிக்கும்போது, அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தேன். சி.ஜி.பி.ஏ. 7.9. எம்-3 யில் ஒரு அரியர் வைத்து எழுதிப் பாஸ் பண்ணினவன். ஜி.ஆர்.இ.யில் 340க்கு 312. விண்ணப்பச் செலவுக்காக அம்மாவின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது. மார்ச்சிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் ஆறு பதிலும் வந்துவிட்டது. ஆறும் "வருந்துகிறோம்". ஆறாவது மின்னஞ்சலைப் படித்த ராத்திரி மெஸ்ஸுக்குக்கூடப் போகவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணி "இன்னும் ரிசல்ட் வரலைம்மா" என்று பொய் சொன்னேன். வளையல் திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 2013இல் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அதில் என் மூன்று சிபாரிசுக் கடிதங்களின் நகல் இருந்தது. வரிசையாக வைத்துப் படித்தேன். மூன்றிலும் "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து வேலை செய்பவர்" என்று அதே வார்த்தைகள், அதே வரிசை. மூன்றிலும் "டிசிப்ளின்" என்ற ஆங்கில வார்த்தையில் ஒரே எழுத்துப்பிழை!

ஏன் என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், சிரிக்கிறீர்கள். மூன்று கடிதத்தையும் எழுதினது நான்தான். ஒரு சீனியர் பென்டிரைவில் கொடுத்த "ஃபார்மேட்". ஒரு சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பேரை மட்டும் மாற்றி அடித்தேன். மறுநாள் வராந்தாவில் சார்களை மடக்கி மடக்கிக் கையெழுத்து வாங்கினேன். எஸ்.ஓ.பி. என்கிறோமே, ஏன் படிக்க வருகிறேன் என்று நாமே எழுதுகிற அறிக்கை, அதுவும் அப்படித்தான். "சிறு வயதிலேயே சைக்கிளைக் கழற்றிப் பார்த்து இயந்திரங்களின் மேல் ஆர்வம் கொண்டேன்" என்று ஆரம்பிக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எந்தச் சைக்கிளையும் கழற்றியதில்லை. சீனியராவது கழற்றினாரா என்பதும் சந்தேகம்.

எந்தப் பல்கலைக்கழகமும் காரணம் சொல்லவில்லை. ஆனால் இன்று எங்கள் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு வருகிற விண்ணப்பங்களை நான்தான் படிக்கிறேன். ஒரே மாதிரிக் கடிதம் பத்து வந்தால் பத்தையும் ஓரமாக வைத்துவிடத்தான் கை போகிறது. எழுதினவர் பொய்யர் என்பதற்காக இல்லை. அந்தத் தாளில் ஆளே இல்லை, அதனால்.

2013 செப்டம்பரில் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். எங்களுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் எடுத்த மேடத்திடம் போய், "மேடம், டிராஃப்ட் கொண்டு வந்திருக்கேன், சைன் மட்டும் போட்டா போதும்" என்றேன். மேடம் வாங்கிப் படித்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பையனை எனக்குத் தெரியாது" என்றார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "உக்காருப்பா. எனக்குத் தெரிஞ்ச பையன் வேற ஒருத்தன். வென்சுரிமீட்டர்ல 0.81 எடுத்தவன்" என்றார்கள்.

தம்பிகளே, உங்களுக்கும் இது தெரியும். வென்சுரிமீட்டர் சோதனையில் விடை 0.98 பக்கம் வர வேண்டும். எங்கள் பேட்சில் எல்லோரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 0.97, 0.98 என்று எழுதிவிட்டோம். அந்த ஒரு நாள் மட்டும், பழைய ரெக்கார்டு கிடைக்காத ஒரே காரணத்தால், நான் நிஜமாகவே ரீடிங் எடுத்தேன். 0.81 வந்தது. மேடம், "ஏன் குறையுது?" என்று கேட்டார்கள். தெரியவில்லை. லேப் அண்ணனோடு சாயங்காலம் ஆறரை வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம். மானோமீட்டருக்குப் போகிற டியூபில் ஒரு காற்றுக்குமிழி. அதை வெளியேற்றிவிட்டு எடுத்தால் 0.96. நான் அதை மறந்தே போயிருந்தேன். மேடம் மறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களே கடிதம் எழுதி அனுப்பினார்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்குக் காட்டவில்லை.

எஸ்.ஓ.பி.யையும் கிழித்துப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் பார்த்த வேலையை எழுதினேன். ஒரு நீர்மூழ்கி பம்பின் செயல்திறன் கணக்கில் வந்ததைவிட டெஸ்ட் பெட்டில் குறைவாக வந்தது. இம்பெல்லரின் வார்ப்பு உள்பக்கம் சொரசொரப்பாக இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம். ஆனால் எவ்வளவு சொரசொரப்புக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட எங்களுக்குத் தெரியவில்லை. "அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன்" என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். இந்தத் தடவை ஐந்து இடம். மூன்றில் இடம் கிடைத்தது. ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும் என்பதால் அதே 312தான். சி.ஜி.பி.ஏ.யும் அதேதான். அரியரும் அப்படியே இருந்தது. இரண்டு வருட வேலை அனுபவமும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2014இல் அங்கே போய் ஒரு பேராசிரியரைப் பார்க்கக் கதவைத் தட்டினபோது, அவர் என் பேரைக் கேட்டுவிட்டு, "காற்றுக்குமிழியைத் தேடின பையன் நீதானே?" என்றார். இரண்டாவது செமஸ்டரிலிருந்து அவரிடமே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகை. இருபது லட்சம் சாங்க்ஷன் ஆன கடனில் ஒன்பது லட்சத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மேடம் ஓய்வு பெற்று, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் போட்ட கண்டிஷன்.

இப்போது கடிதங்கள் ஆன்லைனில் போகின்றன. ஆசிரியருக்கு நேராக லிங்க் வரும். அதற்கும் நம்மவர்கள் வழி கண்டுபிடித்து, சார் பேரில் ஒரு ஜிமெயில் திறந்து தாங்களே அனுப்புகிறார்கள். பிடிபட்டால் அட்மிஷன் போய்விடும், சேர்ந்த பிறகும்கூட. அடுத்தது ஏ.ஐ. ஆங்கிலம் திருத்த வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கதையை அதனிடம் கேட்காதீர்கள், அதற்குத் தெரியாது. எங்கள் காலத்துப் பென்டிரைவ் ஃபார்மேட் இன்றைக்குப் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உங்களை நிஜமாகவே தெரிந்த ஓர் ஆசிரியரைச் சம்பாதியுங்கள். லேபில் தப்பு வந்தால் மறைக்காமல் போய்க் கேளுங்கள். அதைவிடப் பெரிய தயாரிப்பு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் என்றால், பெரும்பாலான இடங்களில் அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். தேர்வை ஆகஸ்டுக்குள் எழுதிவிடுங்கள். கடிதம் கேட்பதைச் செப்டம்பரில் கேளுங்கள், டிசம்பர் 10ஆம் தேதி ராத்திரி அல்ல. 2020க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டன. முதலில் அந்தந்தத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சி.ஜி.பி.ஏ.யை நீங்களாக 4க்கு மாற்றாதீர்கள். கேட்டால் ஒழிய பத்துக்கு எவ்வளவோ அதையே போடுங்கள். இலவசமாக எல்லாம் செய்து தருகிறோம் என்கிற கன்சல்டன்ஸிக்குப் பல சமயம் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. அவர்கள் காட்டுகிற பட்டியல் உங்களுக்காகவா, கமிஷனுக்காகவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கணக்கு. இங்கேதான் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகிறது.

40 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 54,000 ரூபாய். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 40 லட்சத்துக்கு ஒரு வருட வட்டியே 4 லட்சத்து 20 ஆயிரம். டாலர் சம்பளத்தில் இது சின்னத் தொகை. நம் ஊர் சம்பளத்தில்?

"திரும்பி வர மாட்டேனே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2016இல் படிப்பு முடிந்தது. ஓ.பி.டி. என்கிற வேலை அனுமதி ஒரு வருடம், பொறியியல் படிப்பு என்பதால் நீட்டிப்பு இரண்டு வருடம். அதற்குள் எச்-1பி விசா கிடைக்க வேண்டும். வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். 2017, 2018, 2019 என மூன்று வருடமும் என் பெயர் போனது. மூன்றிலும் வரவில்லை. அப்போது திறமைக்கும் குலுக்கலுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. 2019இல் பெட்டியைக் கட்டினேன். அதற்கு முன் வருடமே கடனை அடைத்திருந்ததால், தலை நிமிர்ந்து கோயம்புத்தூருக்கு வந்தேன். என்னோடு அறையில் இருந்த நண்பனும் அதே வருடம் திரும்பினான். அவனுக்குக் கடன் பாக்கி இருந்தது. அவன் அப்பா நிலத்தை விற்றார். அவன் என்னைவிட நன்றாகப் படித்தவன். 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். விதிகள் நாம் படிக்கிற இரண்டு வருடத்துக்குள்ளேயே மாறும். ஆகையால், திரும்பி வந்து இங்கே வேலை பார்த்தாலும் கட்ட முடிகிற கடனா என்று கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஆராய்ச்சியில் மெய்யாகவே ஆர்வம் இருந்தால், பி.இ. முடித்தவுடனேயே அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். அப்படி உதவியோடு இடம் வந்தால், முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட வழக்கம். யாராவது அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், முதலிலேயே போட்டுவிடுங்கள். எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இவற்றையும் பாருங்கள். விண்ணப்பிக்கத் தவறுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

பேராசிரியர்களுக்கு: தப்பாக நினைக்காதீர்கள். நாங்கள் எழுதி வருகிற கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். எழுபது பேருக்கு எழுத நேரமில்லை என்பது தெரியும். பத்துப் பேருக்கு எழுதுங்கள், மற்றவர்களிடம் "எனக்கு உன்னைத் தெரியாது" என்று சொல்லுங்கள். அப்படி ஒருவர் சொன்னதால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

சங்கத்துக்கு: ஒவ்வொரு வருடமும் ஐந்து மாணவர்களின் விண்ணப்பச் செலவை நம் சங்கம் ஏற்றுக்கொள்ளலாமா? முதல் மாணவருக்கான தொகையை நான் இன்று பொருளாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எந்தத் தாயின் வளையலும் இதற்காகக் கடைக்குப் போக வேண்டாம்.

தம்பி தங்கைகளுக்கு: வெளிநாடு போகாதவன் தோற்றவன் இல்லை. திரும்பி வந்தவனும் தோற்றவன் இல்லை. நான் கற்றுக்கொள்ளப் போன கணக்கை இன்று அதே கோயம்புத்தூரில் இம்பெல்லருக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் தைரியமாகப் புறப்படுங்கள். முடியவில்லையென்றால் ஒரு வருடம் வேலை பாருங்கள், அந்த ஒரு வரி தானாக வரும். எழுதினதை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். ஆனால் ஒன்று, திருத்தித் தர மாட்டேன், கேள்வி மட்டும்தான் கேட்பேன்.