கொய்யாவும் பன்னீரும் வைத்த பப்ஸ்: வீட்டிலேயே செய்யலாம்

(பொங்கல் விழாவை ஒட்டி நம் குடியிருப்பின் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் பேச வருகிறான் என்றால் வைப்பு நிதி, வட்டி விகிதம் என்று ஏதாவது சொல்வான் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது பப்ஸ் பற்றி. அதிலும் கணக்கு நிறைய இருக்கிறது.

பப்ஸ் என்றால் நமக்கு முட்டை, காய்கறி, மிஞ்சிப்போனால் காளான். அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் போனால் பழமும் பாலாடைக்கட்டியும் வைப்பார்கள். கியூபாவிலும், கியூபா மக்கள் குடியேறிய மயாமி நகரிலும் 'பாஸ்தெலித்தோ' என்ற பப்ஸில் கொய்யாப்பழ விழுதும் கிரீம் சீஸும் வைப்பது வழக்கம். கொய்யா அந்தப் பக்கத்துப் பழம்தான். போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. இன்று பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யா நம் தெருவண்டியிலேயே கிடைக்கிறது. கிரீம் சீஸுக்குப் பதில் வீட்டுப் பன்னீர் போதும்.

முதலில், பப்ஸ் ஏன் அடுக்கடுக்காக எழும்புகிறது? அதில் ஈஸ்ட் கிடையாது, சோடா உப்பு கிடையாது. மைதா மாவுக்குள் வெண்ணெயை வைத்து, தேய்த்து, மூன்றாக மடிக்கிறோம். ஒரு வெண்ணெய் அடுக்கு மூன்றாகிறது. மறுபடி மடித்தால் 9. பிறகு 27, 81, 243. ஆறாவது மடிப்பில் 729. கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சூடான அடுப்பில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தள்ளுகிறது. வெண்ணெய் நடுவே நிற்பதால் அடுக்குகள் ஒட்டிக்கொள்வதில்லை. இவ்வளவுதான் ரகசியம்.

வெண்ணெய் மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு போச்சு. வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரியில். நம் ஊர் மே மாதத்துச் சமையலறை அதைவிடச் சூடு. அதனால் இதை மார்கழி, தை மாதங்களில், விடியற்காலையில் செய்யுங்கள்.

இனி அளவு. 12 பப்ஸுக்கு மைதா 250 கிராம், உருக்கிய வெண்ணெய் 25 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் சுமார் 125 மில்லி. உப்பில்லாத வெண்ணெயானால் அரை தேக்கரண்டி உப்பு சேருங்கள். சப்பாத்தி மாவைப்போல அடித்துப் பிசைய வேண்டாம். ஒன்று சேர்ந்தால் போதும். மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

200 கிராம் வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே தட்டி 15 சென்டிமீட்டர் சதுரமாக்குங்கள். மாவை 22 சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து, வெண்ணெயைக் குறுக்காக வைத்து, நாலு மூலையையும் தபால் உறைபோல மடித்து மூடுங்கள். பிறகு நீளவாக்கில் தேய்த்து மூன்றாக மடியுங்கள். இது ஒரு மடிப்பு. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். எடுத்து, பக்கம் திருப்பி, மறுபடி தேய்த்து மடியுங்கள். மொத்தம் ஆறு முறை. எத்தனை மடித்தோம் என்பது மறந்துபோகும். பேக்கரிக்காரர்கள் ஒவ்வொரு மடிப்புக்கும் மாவின் ஓரத்தில் விரலால் ஒரு குழி போடுவார்கள். இரண்டு குழி என்றால் இரண்டு மடிப்பு. என்ட்ரி போட்டாயிற்று!

உள்ளே வைக்க, பழுத்த கொய்யா கால் கிலோ. நறுக்கி, சிறிது தண்ணீரில் வேகவைத்து, மசித்து, சல்லடையில் வடித்து விதையை நீக்குங்கள். 75 கிராம் சர்க்கரை சேர்த்துக் கிளறுங்கள். கரண்டியால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். அரை லிட்டர் பாலைத் திரித்து எடுத்த பன்னீரைத் துணியில் நன்றாகப் பிழிந்து, ஒரு கரண்டி கெட்டித் தயிரும் சிட்டிகை உப்பும் சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று சுற்றுங்கள். இரண்டும் முழுதாக ஆறிய பிறகே வைக்க வேண்டும். சூடாக வைத்தால் வெண்ணெய் உருகும். தண்ணீராக இருந்தால் அடிப்பாகம் சொதசொதத்துப்போகும்.

மாவை 30க்கு 40 சென்டிமீட்டராகத் தேய்த்து, கூர்மையான கத்தியால் 12 சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி பன்னீர், ஒரு தேக்கரண்டி கொய்யா. ஓரத்தின் உட்பக்கத்தில் பால் தொட்டு முக்கோணமாக மடித்து அழுத்துங்கள். மேலே பால் தடவலாம். வெட்டிய ஓரத்தில் வழிய விடாதீர்கள், அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஆவி வெளியேற மேலே சின்னக் கீறல் போட்டு, கால் மணி நேரம் குளிரவைத்து, 200 டிகிரிக்கு முன்பே சூடேற்றிய அடுப்பில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓ.டி.ஜி. அடுப்புகளில் பல 1,500 முதல் 2,000 வாட் வரை இழுப்பவை. சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்தான். அடுப்பை 16 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. நம்முடையது ஒரே கட்டடம். ஒரு வீட்டு வயர் கருகினால் அது எல்லா வீட்டுக்கும் ஆபத்து.

"இவ்வளவு பாடு எதற்கு, கடையில் கிடைக்கிறதே?" என்பீர்கள். கடை பப்ஸில் பெரும்பாலும் வெண்ணெய் இருக்காது. எளிதில் உருகாத மார்ஜரினோ வனஸ்பதியோ இருக்கும். சாப்பிட்டபின் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டுவது அதுதான். இவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதால், நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் வரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைத்தது. நல்ல செய்தி. ஆனாலும் தட்டில் உள்ளது எந்தக் கொழுப்பு என்று நமக்குத் தெரிவதில்லை.

கணக்கின் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும் அல்லவா? வீட்டு பப்ஸ் ஒன்றில் ஏறக்குறைய 19 கிராம் வெண்ணெய், அதாவது 15 கிராம் கொழுப்பு. சர்க்கரையும் மைதாவும் இருக்கின்றன. இது மாதம் ஒருமுறைப் பண்டம். என் மருத்துவர் எனக்குப் பாதி அனுமதித்திருக்கிறார். பாதிதான் சாப்பிடுகிறேன்.

என் வயது ஆண்களுக்கு ஒரு வார்த்தை. என் மனைவிக்கு மணிக்கட்டு வலி வந்து சப்பாத்தி தேய்க்க முடியாமல் போன பிறகுதான் நான் கட்டையைக் கையில் எடுத்தேன். முப்பத்தைந்து வருடம் காலையில் டிபன் பெட்டியை வாங்கிக்கொண்டு போனவன் நான். அது ஐந்து மணிக்கு எழுந்து தேய்த்த கை என்பது, நானே தேய்த்தபோதுதான் தோளில் உறைத்தது. இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஓரம் தடியாக இருக்கிறது, சமமாகத் தேயுங்கள்" என்கிறார். எந்த மேலாளரும் என்னை இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை. ஓய்வு பெற்றவரிடம் இருப்பது நேரம். அரை மணிக்கு ஒரு மடிப்பு என்ற இந்த வேலை கேட்பதும் அதைத்தான். வலி வரும்வரை காத்திருக்காமல் நீங்கள் முன்பே தொடங்குங்கள்.

12 பப்ஸ் இரண்டு பேருக்கு அதிகம். உங்கள் தளத்து வீடுகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்முன் சர்க்கரை நோய் உண்டா, பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்காகக் கதவைத் தட்டினாலே பத்து நிமிடம் பேசுவீர்கள்.