ஓட்டிசப் பிள்ளைகளுக்கு இங்கிதம் பழக்குதல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது "போறன்" என்று சொல்ல மாட்டோம். "போயிட்டு வாறன்" என்போம். செத்த வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் எழும்பி வந்துவிடுவோம். இதை உங்களுக்கு யார் படிப்பித்தது? ஒருவரும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டோம். ஓட்டிச நிலையுள்ள பிள்ளைக்கு அந்தப் பார்த்துப் பிடித்தல்தான் கடினம். விடைபெறாமல் வருவது மரியாதையில்லை என்று வீட்டில் பத்துத் தரம் கேட்ட பதினாலு வயதுப் பையன், செத்த வீட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்க "போயிட்டு வாறன்" என்கிறான் என்று வையுங்கள். படித்ததை அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். ஏச்சு வாங்குவதும் அவன்தான்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையைக் கண்டதும் "என்னடி, கறுத்து மெலிஞ்சு போனாய்" என்கிறோம். பக்கத்தில் நிற்கும் அந்தப் பையன் "மாமி, நீங்கள் நல்லா மொத்தமாப் போனியள்" என்றால் தாய் தொடையில் கிள்ளுவா. உடம்பைப் பற்றிப் பேசலாம் என்று இப்போதுதான் கண்டான், பேசினான். இங்கே உள்ள விதி வயதைப் பற்றியது: பெரியவர் சின்னவரைச் சொல்லலாம், சின்னவர் திருப்பிச் சொல்லக் கூடாது. அது நல்ல விதியா என்பது வேறு கதை (எனக்கு அப்படித் தோன்றவில்லை). ஆனால் விதியை வாய்விட்டுச் சொல்லாமல் கிள்ளிப் பயனில்லை.

வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி, அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய "சமூகக் கதை". பிள்ளையே பேசுவது போன்ற சிறு வாக்கியங்கள். கட்டளை குறைவு, விளக்கம் அதிகம். "செத்த வீட்டில் ஆட்கள் கவலையாக இருப்பார்கள். 'போயிட்டு வாறன்' என்றால் இன்னொரு சாவுக்கும் வருவேன் என்பது போலச் சிலருக்குக் கேட்கும். நான் பேசாமல் அம்மாவோடு எழும்பி வரலாம்." இதை முதல் நாளே இருந்து வாசிக்க வேண்டும், ஏச்சு விழுந்த பிறகு அல்ல. நீ, நீர், நீங்கள் என்பவற்றை யாருக்கு எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எங்களைவிடச் சரியாகப் பாவிக்கும் பிள்ளைகள் உண்டு.

தானும் ஓட்டிச நிலையுள்ளவரான ஆங்கிலேய ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் எழுதினார்: விளங்காமை இரண்டு பக்கமும் உள்ளது, எங்களை அவர்களுக்கு விளங்காதது போலவே அவர்களை எங்களுக்கும் விளங்குவதில்லை. ஆகவே நாங்களும் சாடைப் பேச்சைக் குறைக்க வேண்டும். "இருட்டிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் காத்திராமல் "லைற்றைப் போடு" என்று கேட்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே நடித்து, "நல்ல அமைதியான பிள்ளை" என்று பெயர் வாங்கி, பல பேர் பிந்தித்தான் இனங்காணப்படுகிறார்கள். அப்படிப்பட்டவளுக்குப் "பெரியாக்கள் சொன்னால் மறுக்கக் கூடாது" என்று மட்டும் பழக்கினால், சொல்லை அப்படியே எடுக்கும் அவள் எந்தப் பெரிய ஆளுக்கும் மறுக்க மாட்டாள். பஸ்ஸில் இடிப்பவனும் பெரிய ஆள்தான். "வேண்டாம்", "தொடாதேங்கோ" என்று உரத்துச் சொல்லவும், அங்கிருந்து எழும்பி வரவும், வந்து வீட்டில் சொல்லவும் முதலில் பழக்குங்கள். அந்த இடத்தில் மரியாதை பார்க்கத் தேவையில்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாடசாலைகளில் வேலைசெய்யும் உங்களிடம் இத்தகைய கதைகள் நிறைய இருக்கும். அவற்றை மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம். அங்குள்ள பாடசாலை உணவு மண்டபம் எங்கள் பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பேச்சிலேயே புதிதாக எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். மினிபஸ்ஸுக்கு ஒன்று, சாமத்திய வீட்டுக்கு ஒன்று, தேர்த் திருவிழாச் சனத்துக்கு ஒன்று உடனடியாக வேண்டும்.